டோறா பார்த்தால் காயும்

1926ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு முந்திய வாரம், சாடிகளில் உப்புகூடத் தண்ணீராகிக் கிடந்த மாரியில், மட்டக்களப்பில் தச்சுவேலை செய்த ஓடாவி அல்பர்ட் றொசைரோவின் மகள் டோறா ஒரு தட்டு விசுக்கோத்துகளை ஏளனமாகப் பார்த்தாள். அவற்றின் மேல் கிடந்த ஈர ஐசிங் அந்த இடத்திலேயே காய்ந்து ஓடாய் இறுகியது. அந்த வாரம் சந்தையில் முட்டை விலை ஏறியது, கோட்டைமுனையில் ஒரு மதில் சரிந்தது, இதுவும் நடந்தது. ஊரில் அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் இந்த வரிசையில்தான் சொல்வார்கள்.

நடந்த இடம் புளியந்தீவில் பமீலா நோனாவின் குசினி. பமீலாவின் புருஷன் ஓர் அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கர். ஒல்லாந்த வழிப் பறங்கியர். பட்டினத்துத் தமிழருக்கும் சோனகருக்கும் பறங்கியர் எல்லாரும் ஒரே பறங்கியர்தான். பறங்கியருக்குள் கதை வேறு. கந்தோரில் பேனா பிடித்த ஒல்லாந்த வழியார், உளியும் துருத்தியும் பிடித்த போர்த்துக்கீச வழியாரைப் பின்கதவுக்கு அப்பால் வரவிடமாட்டார்கள். இரண்டு பகுதியாரும் ஒரே வாவி மீனைத் தின்று, ஒரே நுளம்பிடம் கடிபட்டு, ஒரே வெயிலில் ஒரே நிறத்துக்குக் கறுத்துத் தலைமுறைகள் பல போயும் இந்த வித்தியாசம் மட்டும் வெளிறவில்லை. அல்பர்ட் ஓடாவி போர்த்துக்கீச வழி. ஆகவே அவர் மகள் டோறா பமீலாவின் வீட்டுக்குப் பின்கதவால் போய், போறணையில் விசுக்கோத்துச் சுட்டுக்கொடுத்துவிட்டுப் பின்கதவாலேயே திரும்பி வருவாள்.

ஐசிங் என்பது பட்டினத்துக்குப் புதிது. முட்டையின் வெள்ளைக்கருவில் மாவாய் அரித்த சீனியும் இரண்டு துளி தேசிப்புளியும் விட்டுக் கை ஓயும்வரை அடிக்க வேண்டும். அதைக் கடதாசிச் சுருளில் அடைத்து, முதலில் விசுக்கோத்தின் ஓரத்தில் மெல்லிய வரம்பு கட்ட வேண்டும். பிறகு சற்று இளக்கிய ஐசிங்கை, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல, அந்த வரம்புக்குள் விட வேண்டும். அது காய்ந்த பிறகுதான் மேலே பூவோ பேரோ எழுதலாம். சீமையில் அது ஓர் இரவில் காயுமாம். பமீலாவின் படப்புத்தகத்தை எழுதிய சீமாட்டி மட்டக்களப்பு மாரியைக் கண்டதில்லை. தீக்குச்சி பற்றாத, செருப்பில் பூஞ்சணம் பூக்கிற அந்த மாதத்தில் வரம்பு உடைந்தது. ஐசிங் எச்சில்போல வடிந்து மேசையெல்லாம் ஒழுகியது.

"இதென்ன புள்ள, விடிஞ்சா விருந்து. இது காயுமா, காயாதா?" என்று கேட்டாள் பமீலா.

"மாரி நோனா. உப்பே காயல்ல."

"மரம் சீவுற ஆக்கள்ட கைக்கு இது விளங்காது. இது எங்கட பரம்பரைச் சின்னம், தெரியுமா உனக்கு? அத இப்பிடி வடிய விட்டிருக்கிறாய்."

வழிந்ததை வழித்துவிட்டு ஈரத்தின் மேலேயே எழுதியிருந்த சின்னத்தை டோறா பார்த்தாள். ஒரு கேடயம், அதற்குள் மூன்று மீன், மேலே ஒரு கிரீடம். அந்த மூன்று மீனும் அந்தக் கிரீடமும் போன மாதம் பமீலா வீட்டில் வெட்டிய சாடின் மீன் தகரத்தில் இருந்தவை. வெறுந்தகரத்தைக் குப்பையில் போட்டவளே டோறாதான். அவளுடைய மேலுதட்டின் இடப்பக்கம் சற்று உயர்ந்தது. அவ்வளவுதான். தட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஐசிங் வெள்ளையாய், மினுமினுப்பாய், தட்டினால் சத்தம் கேட்கும்படி காய்ந்தது. பக்கத்தில் கொடியில் கிடந்த பமீலாவின் மேசைத்துணியும் காய்ந்தது. பமீலா நன்றி சொல்லவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்று கடிந்துகொண்டாள்.

மறுநாள் விருந்துக்கு வந்தவர்கள் அந்தச் சின்னத்தைக் கடித்துத் தின்றார்கள்; தின்றுவிட்டு, தங்களுக்கும் ஒரு பரம்பரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீடு போனார்கள். புதுவருடம் பிறந்ததும் அல்பர்ட்டின் தச்சுப் பட்டறை வாசலில் வண்டிகள் நின்றன. வழக்குப் பேசுகிற பெறக்கிராசி ஒருவர் தராசும் வாளும் கேட்டார். கோட்டுக்குப் போய் அவர் வென்ற வழக்கு எதுவும் யாருக்கும் தெரியாது. ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தன் முகத்தையே விசுக்கோத்தில் கேட்டார், தலையில் மயிரோடு. கேட்டது எவ்வளவு பொய்யோ அவ்வளவு சீக்கிரம் ஐசிங் காய்ந்தது. டோறா கோபப்பட்டுப் பார்க்கவில்லை, கண்ணை உருட்டவுமில்லை. உள்ளதை உள்ளபடி பார்ப்பாள், உதடு தானாக உயரும். உன்னிச்சைப் பக்கத்து வயற்காரர் கந்தப்போடி, மகளின் கலியாணத்துக்குத் தன் பேரையும் பக்கத்தில் ஒரு யானையையும் எழுதச் சொன்னார். ஓர் எருமைக்கும் தன் கையால் தண்ணீர் காட்டாத மனிதர் அவர். அந்த விசுக்கோத்துகள் சுருளின் நுனியிலிருந்து விழும்போதே காய்ந்து விழுந்தன.

கந்தப்போடி அதோடு விடவில்லை. அடுத்த வெள்ளாமையில் வெட்டி அடுக்கிய கதிர் மழையில் நனைந்துவிட, வண்டி அனுப்பி டோறாவைத் தன் வயல் வட்டைக்குக் கூட்டிப்போனார். டோறா நெல்லைப் பார்த்தாள். நெல் நனைந்தபடியே கிடந்தது. நெல்லிடம் ஏளனப்பட என்ன இருக்கிறது? "நல்லாப் பாரு புள்ள, உனக்கு ஒரு அவணம் நெல்லுத் தாறன்" என்று போடியார் குடைக்குக் கீழே நின்று சொன்னார். வரம்பில் முழங்கால் தண்ணீரில் நின்ற கூலிக்காரர் ஒருவருக்கும் குடை இல்லை. டோறா போடியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயில் இருந்த வெற்றிலைச் சாறு காய்ந்து நாக்கோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் அவரால் கட்டளை இடமுடியவில்லை. அந்த வாரம் வட்டையில் வேலை ஒழுங்காக நடந்தது.

காயாத நாளும் ஒன்று இருந்தது. காத்தான்குடியிலிருந்து உம்மு குல்தூம் என்ற நெசவுக்காரி முக்காட்டில் மழை சொட்ட வந்தாள். காய்ச்சலில் கிடந்து பிழைத்த அவளுடைய மகன் முனாப், கண் திறந்ததும் மயில் போட்ட விசுக்கோத்து ஒன்று கேட்டிருக்கிறான். டோறா மயிலை எழுதினாள். தோகைக்கு நீலம் போட்டாள். பிறகு பார்த்தாள். காயவில்லை. பமீலாவை நினைத்துக்கொண்டு பார்த்தாள். அலுமாரிக்கு மேலே இருந்த பசைப்போத்தல் காய்ந்தது, மயில் காயவில்லை. உம்மு குல்தூம் தட்டை எட்டிப் பார்த்து, "காயாட்டி என்ன தங்கச்சி, புள்ள நக்கித் தின்னும்" என்று சொல்லி, ஈரமாகவே இலையில் வைத்து வாங்கிக்கொண்டு போனாள். அன்று முழுவதும் டோறாவுக்கு மனம் சரியில்லை. இரக்கம் வந்தால் பிழைப்புப் போய்விடும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

அப்படிப்பட்டவள் தகரவேலை கொன்ராட்டைக் கலியாணம் முடித்தாள். ஐசிங் சுருளுக்குத் தகர மூக்கு செய்துகொடுக்க வந்தவன் கொன்ராட். நட்சத்திர வாய் வைத்த மூக்கு கேட்டால் நண்டு வாய்போல ஒன்று செய்து வருவான். அதை விரலில் மாட்டித் தானே முதலில் சிரிப்பான். தன்னைப் பற்றி அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவன் பட்டறையில் நிற்கும் நேரமெல்லாம் ஐசிங் வடிந்தது. அல்பர்ட் ஓடாவி இதைக் கவனித்து, "வேலை நாளில அவன வரவேணாமெண்டு சொல்லு, மறுகா கலியாணத்துக்குப் பிறகு பாத்துக்கொள்ளலாம்" என்று மகளிடம் சொன்னார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம். 1931இல் கலியாணம் நடந்தது. வயலினும் தபேலாவும் வைத்து விடியும்வரை ஆடினார்கள். மணமக்களின் விசுக்கோத்துகளில் ஒன்றும் காயவில்லை. வந்தவர்கள் விரலைச் சூப்பிக்கொண்டே வாழ்த்தினார்கள்.

மூன்று வருடம் அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். கொன்ராட் வெளியே போனபிறகு டோறா ஐசிங் வேலை செய்வாள். அவன் வந்ததும் எடுத்து வைத்துவிடுவாள். பிறகு பமீலாவின் புருஷன் ஒரு சொல் சொல்லிவிட, கொன்ராட்டுக்கு றெயில்வேயில் வெள்ளைச் சட்டை உத்தியோகம் கிடைத்தது. சட்டைதான் முதலில் வெள்ளையாக இருந்தது. மெல்ல மெல்ல அவனும் அதற்கு ஏற்றபடி ஆகப் பார்த்தான். தகரம் வெட்டிய கையில் பவுடர் பூசினான். சோற்றைக் கரண்டியால் தின்றான். வீட்டில் இங்கிலீசு பேசினான். டோறாவுக்கு அது விளங்கும், விளங்கியதால்தான் கரைச்சல். மாமனார் பட்டறையிலிருந்து வந்தால், வந்திருக்கும் சிநேகிதர்களிடம் "மேசை செய்யிற ஆள்" என்று சொன்னான். கடைசியில் ஒருநாள் தன் பேரை வான் றொசைரோ என்று மாற்றிக்கொண்டான். றொசைரோ போர்த்துக்கீசப் பேர், அதுவும் மனைவி வீட்டுப் பேர். வான் ஒல்லாந்தரிடம் கேட்காமல் எடுத்தது. இரண்டையும் ஒட்டவைத்து, தன் பாட்டனார் ஒல்லாந்துக் கப்பற்படையில் தளபதி என்றான். பாட்டனார் கல்லடித் துறையில் தோணி ஓட்டைக்குத் தகரம் அடைத்தவர் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"நமக்கும் ஒரு சின்னம் வேணும் டோறா" என்று 1935ஆம் ஆண்டு நத்தாருக்கு முன்னே அவன் கேட்டான். "கப்பல் ஒண்டு போடு. நங்கூரம் ஒண்டு. வாவிக்கரைக் கழகத்து ஆக்கள் வருவினம்."

டோறா கப்பல் எழுதினாள். எழுதி முடித்து, தட்டை ஏந்திக்கொண்டு நின்ற கொன்ராட்டின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஐசிங் காய்ந்தது. அவனுடைய கீழுதடும் வெடித்தது.

அன்று அவன் அதை மாரிக்குளிர் என்று நினைத்தான். தை மாதம் உள்ளங்கை வெடித்தது. சித்திரையில் நடக்கும்போது முழங்காலில் சருகுச் சத்தம் கேட்டது. அப்போதிக்கரி செவ்விளநீர் குடிக்கச் சொன்னார். எத்தனை குலை வெட்டியும் உடம்பில் நிற்கவில்லை. றெயில்வேயில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றபோது, மூட்டைக்காரர்கள் முள்ளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஓர் ஆளுக்குரிய பாரம் அவனிடம் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதத்தில் அவன் தந்திக் கம்பங்களைப் பிடித்துப் பிடித்து வேலைக்குப் போனான்.

டோறாவுக்கு முதல்நாளே தெரிந்துவிட்டது. அவள் அவனைப் பார்ப்பதை நிறுத்தினாள். முதுகைக் காட்டிக்கொண்டு சோறு போட்டாள். சுவரைப் பார்த்துப் பேசினாள். படுக்கையில் மறுபக்கம் திரும்பிக் கிடந்தாள். அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய வெள்ளைச் சட்டையை முகத்தோடு வைத்துக்கொண்டு பழைய கொன்ராட்டை நினைத்துப் பார்ப்பாள். அவன் வந்து வாயைத் திறந்து தளபதிப் பாட்டனாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பார்க்காமலேயே அவள் உதடு உயர்ந்துவிடும். முதுகுக்குப் பின்னால் அறை காய்வது அவளுக்குத் தெரியும்.

"இஞ்ச திரும்பன் டோறா" என்றான் ஒருநாள், தமிழில்.

"வேணாம். சோறு ஆறுது, தின்னுங்க."

அவன் கரண்டியால் சோற்றைக் கிளறினான். பிறகு, "என்னயும் அந்த விசுக்கோத்துகளப் பாக்கிற மாதிரித்தான் பாக்கிறியா?" என்று கேட்டான்.

டோறா தகர மூக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். அவன் எழும்பிப் போகும்போது கதிரை அசைந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு பாரமில்லாமல் போய்விட்டான்.

ஆனால் ஒல்லாந்த வழியாரின் வாவிக்கரைக் கழகம் அவனைச் சேர்த்துக்கொண்டது. உடம்பின் ஈரம் வற்றியதில் தோலில் உப்பு வெளியே பூத்து, பார்வைக்கு அவன் நல்ல வெள்ளையாக இருந்தான். சுத்த ஒல்லாந்த இரத்தம் என்று கழகத்துப் பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவனிடம் அப்போது இரத்தமே அதிகம் இருந்திருக்காது. 1939ஆம் ஆண்டு ஆடியில் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு நடனம் வைத்தார்கள். கொன்ராட் இரண்டு சப்பாத்துக்குள்ளும் ஈயக்கட்டி வைத்துக்கொண்டு போனான். டோறாவும் போனாள், வழக்கம்போலப் பின்கதவால், விசுக்கோத்துத் தட்டுகளோடு.

நடனம் சூடேறிய நேரத்தில் சப்பாத்து கடித்தது என்று கொன்ராட் ஒன்றைக் கழற்றினான். வாவிப் பக்கத்து யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. கச்சான் காற்று உள்ளே வந்தது. மற்றச் சப்பாத்தும் கழன்று விழுந்தது. அவன் கதிரைகளுக்கு மேலாக, விளக்குக்கு மேலாக எழும்பிப்போய்க் கூரை வளை மரத்தில் முட்டி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வயலின்காரர் நிறுத்தவில்லை. கழகத்தார் நாகரிகமானவர்கள், ஒருவரும் கத்தவில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்கள். பமீலா மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தச்சன்ட மகளக் கட்டினா மனிசன்ட கதி இதுதான். பாவம், எங்கட ஆள்."

சமையல்கட்டு வாசலில் தட்டோடு நின்ற டோறாவுக்கு அது கேட்டது. அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். மேலே பார்த்தால் அவன் தூளாகிவிடுவான் என்று பயந்தாள்.

மேலேயிருந்து கொன்ராட் பேசினான். அந்தக் கழகத்துக்குள் அவன் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

"நோனா, இந்த வளை அல்பர்ட் ஓடாவி ஏத்தின வளை. என்ர மாமன். எனக்கு ஒரு பயமும் இல்ல, நல்லாத் தாங்குது. என்ர அப்பன் தகரவேலை, அப்பன்ட அப்பன் தோணிக்கு ஒட்டுப்போட்டவர். உங்கட கூரைத் தகரம் ரெண்டு இடத்தில ஓட்டை. இஞ்சயிருந்து வடிவாத் தெரியுது."

வயலின் நின்றது. டோறா தட்டை ஒரு மேசையில் வைத்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாக நிமிர்ந்து புருஷனை நேராகப் பார்த்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பாக்காத டோறா" என்றான்.

"பாத்துட்டன்" என்றாள் டோறா. "ஒண்டும் நடக்கல்ல. கண்ணத் திறங்க."

பிறகு அவள் கழகத்தாரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பதின்மூன்று வருடமாக விசுக்கோத்துகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்த பார்வை அது; அன்று மிச்சம் வைக்கவில்லை. கிளாசுகளில் இருந்த சாராயமும் வைனும் அடியோடு வற்றின. முகப் பவுடர் வெடித்து மேசைகளில் உதிர்ந்தது. பியானோவின் வார்னிஷ் சுருண்டு கழன்றது. பெறக்கிராசியின் மீசை மெழுகு ஒடிந்தது. பமீலாவின் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் சாவு வீடுகளுக்குப் போகவில்லை. திரைச்சீலைக் கம்பின் கொளுக்கியால் டோறா கொன்ராட்டை இடுப்புப் பட்டியில் பிடித்து இழுத்து இறக்கினாள். கக்கத்தில் ஒரு பாயைப் போல இடுக்கிக்கொண்டு, முன்கதவைத் திறந்து, வாவிக்கரை வழியே வீட்டுக்கு நடந்தாள். சப்பாத்தை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று கொன்ராட் சொன்னான். கிடக்கட்டும் என்றாள் டோறா.

கழகம் அவனை விலக்கியது, உத்தியோகமும் போயிற்று. பழைய தகரப் பட்டறையை அவன் மறுபடி திறந்தான். அடுத்த வருடங்களில் யுத்தம் இலங்கைவரை வந்தது. சீனி பங்கீட்டுக்குப் போனது. முட்டையை மனிதர் தின்னவே காணாமலிருந்தது. பரம்பரைச் சின்னங்களை எழுத வழியில்லாமல் பட்டினத்துப் பெரிய குடும்பங்கள் வெறும் விசுக்கோத்தைத் தேத்தண்ணீரில் நனைத்துத் தின்றன. அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. டோறா தையல் வேலை எடுத்தாள். உதடு இன்னும் உயரத்தான் செய்தது, சந்தையிலும் பங்கீட்டுக்கடை வரிசையிலும். அதற்கு அந்த ஊரில் எப்போதும் காரணம் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் வந்தால் அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

காய்ந்தது காய்ந்ததுதான்; கொன்ராட் முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. மாரி பிறந்ததும் டோறா அவனை முற்றத்தில் ஒரு கதிரையில் இருத்துவாள். மழை அவனுக்குள் மெல்ல இறங்கும். தைப்பொங்கலுக்கு ஊர் தயாராகும்போது அவன் கன்னம் உப்பி, படி ஏறினால் பலகை முனகும்படி பாரமாகிவிடுவான். சித்திரை கழிந்தால் வற்றத் தொடங்குவான். ஆடியில் அவனைக் கட்டில் காலோடு உடுப்புக் கொடியால் கட்டிவைத்தால்தான் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் சண்டையும் பிடித்தார்கள்; ஆடியில் சண்டை வந்தால் அவன் கோபித்துக்கொண்டு வெளியே போகமுடியாது, மார்கழியில் வந்தால் அவனை அசைக்கமுடியாது. உயரமான கூரைகளுக்கு ஒட்டுப்போட ஆள் தேவைப்பட்டால், ஊரார் ஆடிவரை காத்திருந்து கொன்ராட்டைக் கூப்பிட்டார்கள். ஏணி தேவைப்படாத தகரவேலைக்காரன் என்று கிரான் ஊர்வரை பேர் போனது.

1947ஆம் ஆண்டு ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் இருவரும் ஏறாவூர் பஸ்ஸில் ஏறினார்கள். டோறாவின் சட்டைக் கையோடு கொன்ராட்டின் சட்டைக் கை ஊசியால் குத்தியிருந்தது. பஸ் நிறையச் சனம். மீன்கூடையோடு நின்ற ஒரு பெண் தள்ளி இடம் கொடுத்தாள். பஸ் பட்டினத்தைத் தாண்டி வெளியில் வந்து வேகமெடுக்க, கொன்ராட் ஆசனத்திலிருந்து ஒரு சாண் எழும்பி, ஊசி இழுத்த இடத்தில் நின்று, எதிரே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். கண்டக்டர் வந்தார். இரண்டு பேருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கொன்ராட்டின் பக்கத்து யன்னலை இழுத்து மூடிவிட்டு, பின்னாலிருந்தவர்களிடம் போனார்.